பிரேக் ஆயில் மாற்றிய பிறகும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, உதவி தேவை

வண்டி பொலேரோ பிக்கப், 2015 மாடல், ஏபிஎஸ் இல்லாதது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து காய்கறி இறக்குகிறோம். பழைய ஆயில் டிகாஷன் நிறத்தில் கறுத்திருந்ததால் போன ஞாயிறு வீட்டிலேயே மாற்றினோம்.

வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் இருந்ததை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, சீல் உடைக்காத புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றினோம். தம்பி பெடலை மிதிக்க, நான் சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடினேன். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. டப்பாவில் அளவு குறையவே விடவில்லை. முன் சக்கரங்களில் தெளிவான ஆயில் குமிழி இல்லாமல் வந்தது. பின்னால்தான் சிக்கல்: டியூபில் நூல் மாதிரி மெலிசாக வருகிறது, நடுநடுவே கடுகளவு குமிழிகள்.

இன்ஜின் ஓடும்போது பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. இரண்டு முறை மிதித்தால் மேலே வருகிறது. அழுத்திப் பிடித்தால் அங்கேயே நிற்கிறது, மெல்ல இறங்கவில்லை. அதனால் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. வீல் சிலிண்டர், பைப் இணைப்பு எங்கும் கசிவில்லை. பின் ஷூவையும் அட்ஜஸ்ட் செய்தாச்சு. அப்புறம் மறுபடியும் பிளீட் செய்தும் (நிப்பிள் வழியாகக் காற்றை வெளியேற்றியும்) அதே கதைதான். இந்த பிரேக்கை நம்பி மலை இறங்க முடியாது, வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பிளீட் செய்தபோது சேஸிஸில் ஜாக்கி வைத்ததால் பின் ஆக்சில் தொங்கிக்கொண்டிருந்தது. லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்பிவி வால்வு அப்போது ஆயிலை அடைத்துக் காற்றைப் பிடித்து வைத்திருக்குமா?