நல்ல ஹெட்போனில் பழைய கச்சேரி இரைகிறது: அடுத்து டாக் வாங்க வேண்டுமா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். பணி ஓய்வில் கைக்கு வந்த தொகையில் ஆசைப்பட்டு சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனும், மேசையில் வைக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கினேன். மடிக்கணினியிலிருந்து யூ.எஸ்.பி. வழியாக இணைத்திருக்கிறேன். கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசை. குறுந்தகடு போட்டால் சொர்க்கம்தான். ஆனால் என் சேமிப்பில் முக்கால்வாசி, 1980களில் என் மாமா டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) வானொலியிலிருந்து பிடித்த கச்சேரிகள். உறவினர் ஒருவர் அவற்றை 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கிக் கொடுத்தார். சமையலறை ஸ்பீக்கரில் குறை தெரியாமல் கேட்டவை இப்போது சகிக்கவில்லை. தம்பூரா இரைச்சலில் கரைகிறது. கடத்தின் அடி மழுங்கிக் கேட்கிறது. தனி ஆவர்த்தனம் முழுக்கத் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கிறது.

விலை கூடிய டாக் (கணினியின் எண்வடிவ இசையை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) வைத்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். எல்லாவற்றையும் ஃப்ளாக்காக, அதாவது இழப்பில்லாத கோப்பு வடிவமாக, மாற்றிவிடலாம் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

ஒலிமணி

உங்கள் ஹெட்போனின் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 300 ஓம். முதலில் ஆம்ப்ளிஃபயருக்கு அதை இயக்கும் தெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு டாக் பற்றி யோசிக்கலாம்.

நாடாச்சுருள்

கடைக்காரர் சொல்வதும் தவறு, மகன் சொல்வதும் தவறு. மகனுடையது செலவில்லாத தவறு என்பதால் மன்னித்துவிடலாம். எம்.பி.3 கழித்துவிட்ட தகவல், ஃப்ளாக் ஆக்கினால் திரும்பி வராது. கோப்பு பெருக்கும், அவ்வளவே.

ஒலிமணி கிளப்பிய கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எச்.டி. 600க்கு ஒரு வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 97 டெசிபல் வரும். வீட்டில் நிதானமாகக் கச்சேரி கேட்பவருக்குச் சராசரி 75 டெசிபல் தாராளம். உச்சங்களுக்கு இன்னும் 20 டெசிபல் இடம் விட்டாலும் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மேசை ஆம்ப்ளிஃபயர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. சன்னமாகப் பதிவான கோப்புக்குக் குமிழைக் கொஞ்சம் கூடத் திருப்புவீர்கள். அப்போது பாட்டு எவ்வளவு ஏறுகிறதோ இரைச்சலும் அவ்வளவு ஏறும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய டாக்கும் இரண்டையும் பிரித்துத் தராது.

உங்கள் நஷ்டம் எங்கே நடந்தது என்று பாருங்கள். மாமா பிடித்தது மத்திய அலை என்றால், அங்கே நிலையத்துக்கும் நிலையத்துக்கும் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ரேடியோப் பெட்டியிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வெளியே வந்திருக்காது. இதற்கு மருந்து கிடையாது. அந்த எல்லைக்கு மேல் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி நாடாவின் இரைச்சல். சமையலறை ஸ்பீக்கர் அதைக் காட்டவில்லை, எச்.டி. 600 காட்டுகிறது.

பிறகு எம்.பி.3. இரைச்சலுக்கு ஒழுங்கு எதுவும் இல்லாததால் அதைச் சுருக்குவது கடினம். தம்பூராவுக்குப் போக வேண்டிய பிட்டுகளை அது தின்றுவிடுகிறது. நீங்கள் சொல்லும் தண்ணீர்ச் சத்தம் இதிலிருந்துதான் வருகிறது. கடத்தின் கதை வேறு. எம்.பி.3 ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டித் துண்டு துண்டாகச் சுருக்குகிறது. துண்டின் நடுவில் ஓர் அடி 'டக்' என்று விழுந்தால், சுருக்கியதில் வந்த பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. அதாவது அடி விழுவதற்கு முன்பே அதன் மங்கலான சத்தம் தொடங்கிவிடுகிறது. அடியின் கூர்மை போவது இதனால்தான்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசும் வேண்டாம். ஃபூபார்2000 மென்பொருளில் ஸ்டீரியோவை மோனோ ஆக்கும் வசதியைப் போட்டுக் கேளுங்கள். மாமாவின் பதிவு மோனோவாகத்தான் இருக்கும். இரண்டு காதிலும் பாட்டு ஒன்று, இரைச்சல் மட்டும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்தால் இரைச்சல் 3 டெசிபல் வரை தணியும். கூடவே ஈக்வலைசரில் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறக்கிவிடுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது முதலில் காவு வாங்குவது தம்பூராவைத்தான்.

மோனோ ஆக்கியதும் வயலின் மந்தமானால் அதுவும் ஒரு சேதிதான். உறவினர் கேசட்டை ஓட்டிய டெக்கில், நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருந்தது என்று பொருள். அப்படியானால் உண்மையான வேலை கேசட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூலக் கேசட்டுகள் இருக்கின்றனவா?

இரவுராகம்

நாடாச்சுருள் ஐயா சொன்னதோடு ஒரு வார்த்தை. புதிய பதிவுகளுக்கும் இந்தக் கவலை தொற்றிவிட வேண்டாம். குறுந்தகட்டின் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட். அதையே 256 கிலோபிட் ஏ.ஏ.சி. (எம்.பி.3 போன்ற இன்னொரு சுருக்க வடிவம்) ஆக்கி, ஃபூபாரின் ஏ.பி.எக்ஸ். சோதனையில் எது எது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். என்னால் பிரிக்க முடியவில்லை, மோர்சிங் வைத்துக்கூட. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாத வடிவத்தையே கூடுதல் கட்டணமின்றித் தருகிறது, ஆகவே சுருக்கியதைத் தேர்ந்தெடுத்துப் பணம் மிச்சப்படுத்தவும் ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவது 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் மேலே கீழே எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி விற்பதுதான். அதை 24 பிட்டில் கொடுத்தாலும் நசுங்கியது நசுங்கியதுதான்.

காவிரிக்கரை

மோனோ ஆக்கினேன். இரைச்சல் உண்மையாகவே குறைந்தது. ஆனால் நீங்கள் பயந்தபடி வயலினும் மந்தமாகிவிட்டது. கேசட்டுகள் மாமா வீட்டு அலமாரியில் இருக்கின்றன, சிலவற்றில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் திண்டு விழுந்துவிட்டதாம். டாக் பணத்தில் பழைய டெக் ஒன்று வாங்கலாமா?

நாடாச்சுருள்

வாங்குங்கள். பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் (நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை) மாற்றப்பட்டதாகப் பாருங்கள். டூ-இன்-ஒன்னில் டால்பி என்னும் இரைச்சல் குறைப்பு வசதி இருந்திருக்காது, டெக்கில் அந்தச் சுவிட்சை அணைத்து வையுங்கள். திண்டு விழுந்த நாடாவைத் திருகு வைத்த புதிய கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கேசட்டையும் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இனி ஹெட். மாமாவின் பெட்டியில் அது எந்தக் கோணத்தில் நின்றதோ, அந்தக் கோணத்தில்தான் பதிவு இருக்கிறது. டெக்கின் ஹெட் அருகே ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு திருகு இருக்கும். மோனோவில் கேட்டுக்கொண்டே, காந்தம் ஏறாத திருப்புளியால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். அறிவிப்பாளர் பேசும் இடம் இதற்கு வசதி: அவருடைய 'ச' எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் மாறலாம், சலிக்காமல் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து ஃப்ளாக்காக வையுங்கள். நாடாவுக்கு 16 பிட்டே போதும்தான், ஆனால் 24 பிட்டில் அளவைத் தாழ்த்திப் பதியலாம், உச்சத்தில் வெட்டுப்படாது.

திருகைத் தொடுமுன் அதன் இப்போதைய நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகளை அதே டெக்கில் போடும்போது அந்தக் குறிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.