வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் அனுமதி வேலை: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நர்ஸ்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நம்ம ஊர் நர்ஸ்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, நீங்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கறீங்களாமே, எனக்கும் கிடைக்குமா?" கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் வரிசையில் காரிலேயே கண் சொருகிப் போகிறவர்கள், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கும். நானே ஏழு வருடமாக டெக்சஸில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து இந்த வேலைதான் பார்க்கிறேன். ஆனால் நோயாளியை விட்டு விலகிவரும் வேலை என்று நினைத்து இதற்குள் வந்தால் நீங்களும் கஷ்டப்படுவீர்கள், எங்கோ படுத்திருக்கும் ஒருவரும் உங்களால் கஷ்டப்படுவார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே எம்.ஆர்.ஐ., முழங்கால் ஆபரேஷன், விலை கூடிய ஊசி மருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ரீஹாபுக்கு (மறுவாழ்வு சிகிச்சை மையத்துக்கு) மாற்றுவது என்று பலதுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி முன்கூட்டியே சரி சொல்ல வேண்டும். இதுதான் பிரையர் ஆத்தரைசேஷன், பேச்சில் பிரையர் ஆத். சென்னையில் மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலை பார்த்த தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடு. ஊரில் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேஷ்லெஸ் அனுமதிக்காக ஃபார்ம் நிரப்பியவர்களுக்கும் அடிப்படை புரியும். நர்ஸாக நம் வேலை, டாக்டர் ஆபீஸ் அனுப்பும் நோட்ஸ், லேப், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படித்து, எம்.சி.ஜி. அல்லது இன்டர்குவல் என்ற வழிகாட்டியோடோ மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) விதிகளோடோ வைத்துப் பார்ப்பது. பொருந்தினால் நாமே அனுமதி கொடுத்துவிடலாம். பொருந்தாவிட்டால் கம்பெனியின் டாக்டரான மெடிக்கல் டைரக்டருக்கு அனுப்புகிறோம். மருத்துவத் தேவை இல்லை என்று மறுப்பது டாக்டரின் முடிவு, நர்ஸ் மறுக்க முடியாது. "இன்சூரன்ஸ்காரங்க கூட சேர்ந்து மறுக்கற வேலையாமே" என்று தயங்குகிறவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் பட்டன் அனுமதிக்கும் பட்டன்தான்.

இதே வேலைக்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்பத்திரி சார்பில் உட்கார்ந்து, நோயாளியை இன்பேஷண்டாக அட்மிட் பண்ண வேண்டுமா, அட்மிட் பண்ணாமல் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்க்கும் அப்சர்வேஷன் போதுமா என்று பார்த்து இன்சூரன்ஸுக்கு விவரம் அனுப்பும் யூட்டிலைசேஷன் ரிவ்யூ நர்ஸ். இதுவும் நிறைய இடங்களில் வீட்டிலிருந்தே நடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் வார்டில் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்குள்ளேயே மாறிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, மேனேஜருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும்.

சரி, ஒரு கேஸ் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அக்யூட் ரீஹாபுக்கு அனுப்ப ஆஸ்பத்திரி அனுமதி கேட்டது. ஃபேக்ஸில் நாற்பத்தொரு பக்கம், பாதிப் பக்கங்கள் சாய்ந்து, கடைசி வரி வெட்டுப்பட்டு வந்திருந்தன. அந்த வகை ரீஹாபுக்கு மெடிகேர் பார்ப்பது, பொதுவாக நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் தெரபி செய்யும் தெம்பு அவருக்கு இருக்குமா என்பது. ஃபிசியோதெரபி நோட்டில் ஒரே வரி: நோயாளி மறுத்துவிட்டார். அதோடு நிறுத்தி டாக்டருக்குத் தள்ளியிருந்தால், தெரபிக்கு ஒத்துழைக்காதவருக்கு நர்சிங் ஃபெசிலிட்டி (தெரபி குறைவாக இருக்கும் பராமரிப்பு மையம்) போதும் என்று முடிந்திருக்கும்.

இருபத்தேழாம் பக்கத்தில் நர்ஸ் நோட் இருந்தது. காலை ஏழரைக்குச் சர்க்கரை 58, ஜூஸ் கொடுத்தது, வாந்தி எடுத்தது. தெரபிஸ்ட் வந்தது எட்டேகாலுக்கு. சர்க்கரை அந்த அளவுக்கு இறங்கி, வாந்தியும் எடுத்த மனுஷியை முக்கால் மணி நேரத்தில் எழுந்து நில் என்றால் எப்படி நிற்பார்? வார்டில் நின்ற யாருக்கும் இது உடனே விளங்கும், வெறும் காகிதம் படிப்பவருக்கு விளங்காது. தேதிகளைப் பார்த்தேன், அடுத்த இரண்டு நாள் தெரபி நோட்டே ஃபேக்ஸில் இல்லை. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ், இன்சூரன்ஸ் விஷயங்களைப் பார்க்கும் கேஸ் மேனேஜருக்கு போன் போட்டேன், அரை மணி நேரத்தில் அனுப்பிவைத்தார். இரண்டு நாளும் காலை மாலை தெரபி, இரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து இருபது அடி நடை. அன்று சாயங்காலமே அனுமதி போய்விட்டது. அந்த அம்மாவுக்கு நான் யார் என்றே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அவருடையது மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் பிளான். 2024 ஜனவரி 1 முதல் இந்த பிளான்கள் மெடிகேரின் சொந்த விதிகளைத்தான் பின்பற்ற வேண்டும், மெடிகேர் தெளிவாக விதி வைத்திருக்கும் இடத்தில் கம்பெனி தனக்கென்று இன்னும் கடுமையான அளவுகோலை வைத்து மறுக்க முடியாது. இன்டர்வியூவில் இதைத் தெரிந்து பேசினால் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். இன்னொன்று, மெடிகேர் அட்வான்டேஜ், மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பிளான்களுக்கு 2026 ஜனவரி முதல், மருந்துகள் தவிர, சாதாரண கோரிக்கைக்கு 7 நாளுக்குள், அவசரமானதற்கு 72 மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும், மறுத்தால் குறிப்பான காரணமும் சொல்ல வேண்டும். முன்பு அட்வான்டேஜில் சாதாரணத்துக்கு 14 நாள் இருந்தது. இந்தக் கடிகாரம் சனி ஞாயிறுக்கு நிற்காது. நான் சேர்ந்த முதல் வருடம் மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அவசர கேஸ் வந்தது, நுரையீரலில் கட்டி, பெட் ஸ்கேன் கேட்டிருந்தார்கள், பழைய சி.டி. ரிப்போர்ட் மட்டும் இல்லை. திங்கள் காலை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திங்கள் மெமோரியல் டே விடுமுறை, டாக்டர் ஆபீஸ் பூட்டு. ரிப்போர்ட் இல்லாமலே கேஸ் டாக்டரிடம் போய் மறுக்கப்பட்டு, அப்பீலில் திரும்பக் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு குடும்பம் அந்த ஒன்பது நாளைக் கழித்திருக்கிறது. அது என் தவறு. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு வரும் அவசர கேஸை முதலில் எடுத்து, என்ன பேப்பர் குறைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன். நீங்களும் அப்படியே பழகுங்கள்.

இப்போது உள்ளே வரும் வழி. நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையான என்கிளெக்ஸ் பாஸ் பண்ணியதுமே இந்த வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள், பெரும்பாலும் பதிலே வராது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று வருடமாவது பெட்சைடு அனுபவம் (நோயாளியை நேரில் பார்த்த அனுபவம்) கேட்பார்கள், ஊரில் பத்து வருடம் ஐ.சி.யு.வில் இருந்திருந்தாலும் அதைத் தனியாக எண்ணமாட்டார்கள். மனதுக்கு வலிக்கும்தான், எனக்கும் வலித்தது. ஆனால் இங்கே டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது, ஹோம் ஹெல்த் என்றால் என்ன, எந்தத் தெரபிஸ்ட் எதை எழுதுவார் என்பதெல்லாம் வார்டில்தான் தெரிய வருகிறது, அது தெரியாமல் சார்ட் படிக்க முடியாது. வேலை வழியாகக் கிடைக்கும் இ.பி.-3 கிரீன் கார்டில் ஆஸ்பத்திரி ஸ்பான்சர் பண்ணி வந்தவர்கள் ஒப்பந்த காலம் முடியும் முன்னால் எதையும் செய்யாதீர்கள், அந்த ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

கணவரின் எச்-1பி வேலை விசாவை வைத்து எச்-4 விசாவில் வந்த தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்-1பி வைத்திருக்கும் கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகியிருந்தால் 2015 முதல் நீங்கள் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வாங்கி வேலை செய்யலாம். ஆனால் 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குப் பழைய தானியங்கி நீட்டிப்பு கிடையாது. புது அட்டை கைக்கு வரும் முன் பழையது முடிந்தால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். காலாவதிக்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த முதல் நாளிலேயே போடுங்கள். ஈ.ஏ.டி. இன்னும் வராதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை, என்கிளெக்ஸ் எழுதி முடித்துவிடலாம். லைசென்ஸுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லா மாநிலத்திலும் கட்டாயமில்லை, நியூயார்க் அது இல்லாமலும் தருகிறது.

லைசென்ஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வீட்டிலிருந்து வேலை என்றாலும், எந்த மாநில நோயாளிகளின் கேஸைப் பார்க்கிறீர்களோ அங்கே செல்லுபடியாகும் லைசென்ஸை கம்பெனி கேட்கும். டெக்சஸ், ஃபுளோரிடா, நியூ ஜெர்சி, வட கரோலினா, ஜார்ஜியா மாதிரி காம்பேக்ட் மாநிலத்தில் (ஒன்றின் நர்ஸ் லைசென்ஸை மற்றவை ஏற்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலம்) குடியிருந்தால் ஒரே மல்டிஸ்டேட் லைசென்ஸில் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்கள் சரியாகிவிடும், அதற்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கண்டிப்பாக வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் இந்தக் கூட்டத்தில் இல்லை. என் தோழி ஒருத்தி டல்லஸில் இருந்தாள், கணவருக்கு ப்ராஜெக்ட் மாறி சிகாகோ பக்கம் போனார்கள். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைதானே, எங்கே இருந்தால் என்ன என்று நினைத்து வீடு மாறிய பிறகுதான் கம்பெனியிடம் சொன்னாள். குடியிருப்பு மாறினால் டெக்சஸ் மல்டிஸ்டேட் போய்விடும், இருக்கும் லைசென்ஸை வைத்து இல்லினாய்க்குத் தனி லைசென்ஸ் (எண்டார்ஸ்மென்ட்) வாங்க வேண்டும், அதற்கு மேல் அந்தக் கம்பெனி இல்லினாயில் ஆள் வைத்துக்கொள்வதே இல்லை. மூன்று வருட வேலை இரண்டு வாரத்தில் போனது. வீடு மாறும் பேச்சு வந்தால் பெட்டி கட்டும் முன் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். காம்பேக்ட் மாநிலத்திலிருந்து இன்னொரு காம்பேக்ட் மாநிலத்துக்குப் போனாலும் 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டில் கதவு உள்ள அறை ஒன்று வேண்டும். ஹாலில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து செய்ய முடியாது, நோயாளி பெயரும் வியாதியும் வீட்டில் யார் காதிலும் விழக்கூடாது, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் ஆனாலும் சரி. நோயாளி ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் சமையலறைக்கும் செல்லும். வைஃபை போதாது, கேபிள் போட்டுத்தான் இணைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பல கம்பெனிகள் அதை எழுதியே வாங்கிக்கொள்கின்றன, எத்தனை கேஸ் முடித்தீர்கள் என்பதும் தினமும் எண்ணப்படும். சம்பளத்தில் நைட் டிஃபரன்ஷியலும் (நைட் ஷிஃப்டுக்கான கூடுதல் பணம்) ஓவர்டைமும் போய்விடும் என்பதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் திருநெல்வேலியிலிருந்து வேலை செய்யலாம் என்ற ஆசை வேண்டவே வேண்டாம். நோயாளி விவரத்தை அமெரிக்காவுக்கு வெளியே திறக்கப் பெரும்பாலான கம்பெனிகள் விடுவதில்லை, வெளிநாட்டிலிருந்து லாகின் செய்தால் உடனே தெரிந்துவிடும். அம்மா அப்பாவைப் பார்க்கப் போவதற்கு லீவைச் சேர்த்து வையுங்கள்.

போலி வேலைகளும் உண்டு. சாட்டிலேயே இன்டர்வியூ முடித்து, லேப்டாப் வாங்க செக் அனுப்புகிறோம், அதை வங்கியில் போட்டுவிட்டு நாங்கள் சொல்லும் கடைக்குப் பணம் அனுப்புங்கள் என்பார்கள். அந்த செக் சில நாளில் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய பணம் போனது போனதுதான். உண்மையான கம்பெனி லேப்டாப்பை அதுவே வீட்டுக்கு அனுப்பும், உங்களிடம் காசு கேட்காது.

போன வாரம் ஹூஸ்டனிலிருந்து ஒரு தங்கை கூப்பிட்டிருந்தாள், மெட்-சர்ஜில் (பொது மருத்துவ, ஆபரேஷன் நோயாளிகள் வார்டு) எட்டு மாதம் ஆகிறது, முடியவில்லை, இப்போதே மாறலாமா என்று. இன்னும் ஒன்றரை வருடமாவது இரும்மா என்றேன். இருக்கும் வரை உங்கள் யூனிட்டுக்கு வரும் கேஸ் மேனேஜரோடு பழகுங்கள், இன்சூரன்ஸுக்கு என்ன அனுப்புகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். இன்று ராத்திரி ஷிஃப்டிலேயே ஆரம்பிக்கலாம். நோயாளி மறுத்துவிட்டார் என்று சார்ட்டில் எழுதும்போது, ஏன் மறுத்தார் என்று அதன் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.