கணக்கு எழுதும் ஊழியர்கள் வீட்டிலிருந்து டேலியில் வேலை செய்ய எது பாதுகாப்பான வழி?

கேள்வி: கோவைக்_கணக்கர்

வணக்கம். கோவையில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்தி வருகிறேன். பம்ப் உதிரிபாகப் பட்டறைகளும் சிறு நூற்பாலைகளுமே பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர்கள். மகப்பேறு விடுப்பு முடிந்த ஓர் ஊழியரும், பொள்ளாச்சியிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகும் இன்னொருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்கிறார்கள். இருவருமே அனுபவம் மிக்கவர்கள். விட்டுவிட எனக்கு மனமில்லை. இப்போதைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று மறுநாள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இதனால் ஒரே நிறுவனத்தின் கணக்கு இரண்டு பிரதிகளாகி, எது இறுதியானது என்ற குழப்பம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்யும் நேரத்தில்தான் தெரியவருகிறது. வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் வர ரவுட்டரில் ஒரு போர்ட்டை (இணைய நுழைவழியை)த் திறந்துவிட்டால் போதும் என்கிறார் கணினி பராமரிப்பவர். அப்படிச் செய்யலாமா?

பதில் 1: நெட்வொர்க்_ஆள்

தயவுசெய்து திறக்காதீர்கள், ஐயா. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில் இயங்குகிறது. திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். பேக்கப் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியிருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

முதலில் விபிஎன் (வீட்டுக் கணினியையும் அலுவலகத்தையும் இணைக்கும் மறையாக்கம் செய்த தனி வழி) அமைத்து, அதன் வழியாக மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துங்கள். இம்முறையில் திரையின் படமும், விசைப்பலகை, மவுஸ் அசைவுகளும் மட்டுமே இணையத்தில் போய்வருகின்றன. கணக்கு அலுவலகத்தை விட்டு நகர்வதில்லை என்பதால் சாதாரண வீட்டு இணைப்பே போதுமானது. சிலர் விபிஎன் போட்ட கையோடு டேட்டா போல்டரை வீட்டுக் கணினியிலிருந்தே நேரடியாகத் திறக்கிறார்கள். ஒவ்வொரு வவுச்சருக்கும் கோப்பு இணையத்தைக் கடந்து வர வேண்டியிருப்பதால் டேலி நகரவே நகராது; நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகவும் கூடும்.

விண்டோஸ் புரோ கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இப்படி நுழைய முடியும். விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமங்களும் வாங்குவதற்குப் பதிலாக, இருவரும் அலுவலகத்தில் தாங்கள் உட்கார்ந்த அதே மேசைக் கணினிக்குள் நுழையட்டும். பல கணினிகளில் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டேலி கோல்டு உரிமம் இருந்தால் செலவு மிகக் குறைவு. மின்சாரம் போய்த் திரும்பும்போது கணினி தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு இருக்கும்; அதை மறக்காமல் இயக்கிவையுங்கள். இல்லையென்றால் யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

பதில் 2: ஈரோட்டு_அக்கவுண்டன்ட்

ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஊழியர் என்ற முறையில் சொல்கிறேன். மென்பொருளைவிட மின்சாரமே எனக்குப் பெரிய கவலை. பராமரிப்பு மின்தடை என்றால் காலையில் போனது மாலையில்தான் வரும். லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் ரவுட்டர் அணைந்துவிட்டால் பயனில்லை. பெரும்பாலான பைபர் ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அதற்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். அதை நிறுவனமே வாங்கித் தருவதுதான் நியாயம்.

அடுத்தது பில்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மங்கலான படங்களில் ஜிஎஸ்டி எண்ணைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அலுவலகத்தில் ஒருவர் ஸ்கேன் செய்து, வாடிக்கையாளர் வாரியாகப் பொதுப் போல்டரில் போட்டுவிட்டால், 14ஆம் தேதி 2பி படிவம் (விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் கொள்முதல் விவரம்) வந்ததும் வீட்டிலிருந்தே கொள்முதலை ஒப்பிட்டுவிடலாம். இன்னொன்று: வீட்டில்தானே இருக்கிறார் என்று இரவு ஒன்பது மணிக்கு அழைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள்; நீங்கள் அப்படி இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் 3: வரி_ஆலோசகர்

டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அலுவலகக் கணினியில் செருகிய, அந்தக் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கன், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைபவருக்குப் பொதுவாகத் தெரியாது. எனிடெஸ்க் போல அலுவலகத் திரையையே அப்படியே காட்டும் செயலிகளில் அது வேலை செய்யும். ஆனாலும் டோக்கனை ஊழியரிடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அவர் படிவத்தைத் தயாரித்து வைக்கட்டும். கையொப்பத்துக்கு உரியவர் சரிபார்த்துவிட்டு இடட்டும். சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் தளத்தில் 1.4.2025 முதல் அனைவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டதால், ஒரே எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்டுத் தொலைபேசியில் காத்திருக்க வேண்டாம். ஊழியரைத் துணைப் பயனராகச் சேர்த்தால் ஓடிபி அவர் எண்ணுக்கே வரும்.

கோவைக்_கணக்கர்

மூவருக்கும் நன்றி. போர்ட் திறக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். எங்கள் பைபர் இணைப்பில் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) இல்லை. அது இல்லாமல் விபிஎன் அமைக்க முடியுமா?

நெட்வொர்க்_ஆள்

முடியும். டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகளுக்கு நிலையான ஐபி தேவையில்லை. இரு முனைகளிலும் நிறுவினால் போதும். உள்நுழையும் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை மட்டும் கட்டாயமாக்கிவிடுங்கள்.