மறு: ‘அரசியல் சாசன முடியாட்சி’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆங்கிலத்தில் ‘கான்ஸ்டிடியூஷனல் மானர்க்கி’ என்பதற்குத் தமிழில் ‘அரசியல் சாசன முடியாட்சி’ என்று எழுதுவது சரிதானா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பத்திரிகைகளில் ஓடும் சொல்தானே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஓடும் சொல்தான், ஐயா. ஆனால் இங்கிலாந்து வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இடிக்கிறது. சாசனம் என்றதும் நமக்குக் கல்லும் செப்பேடும்தான் நினைவுக்கு வரும். அதுவும் அரசன் வெட்டிக் கொடுத்தது. இங்கிலாந்தில் ஒரே ஏடாக எழுதிய அரசியலமைப்பு இன்றும் கிடையாது. 1215இன் மாக்னா கார்ட்டாவை வேண்டுமானால் சாசனம் எனலாம். பிரபுக்கள் நெருக்கினாலும் முத்திரையிட்டது ஜான் மன்னன்தான். 1689இன் உரிமைச் சட்டம் வேறு ரகம். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் சட்டத்தை நிறுத்திவைக்காதே, வரி வாங்காதே, அமைதிக்காலத்தில் படை வைத்திருக்காதே என்று அரசனைச் சுற்றிக் கட்டிய வரப்பு அது.

அதனால் அந்தக் காலத்து நிலைக்கு ‘வரம்புடை முடியாட்சி’ என்று முன்மொழிகிறேன். வரப்புக்கு உள்ளே அரசன் இன்னும் உழுதுகொண்டுதான் இருந்தான். அப்போதைய அரசர் மூன்றாம் வில்லியம் அமைச்சர்களைத் தானே பொறுக்கினார்; நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் சிலவற்றை மறுக்கவும் செய்தார்.

> அப்படியானால் இன்றைய மன்னர் சார்லஸுக்கும் இதே சொல்லா?

இல்லை, அவருக்கு வேறு சொல் வேண்டும். மசோதாவை மறுப்பது 1708இல் ஆன் அரசியோடு நின்றது. அது ஸ்காட்லாந்து மிலிஷியா (குடிமக்கள் படை) மசோதா. இனி மறுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, தானாக வழக்கொழிந்தது. 1834இல் மன்னர் நான்காம் வில்லியம் பிரதமர் மெல்பர்னின் அமைச்சரவையைத் தானாக விலக்கிப் பார்த்தார். பீல் பிரதமராக வந்தார், தேர்தலும் நடந்தது, பெரும்பான்மைதான் கிடைக்கவில்லை. 1835 ஏப்ரலில் மெல்பர்னே திரும்பி வந்துவிட்டார். இப்படி எழுதாமலே படிந்துபோன ஏற்பாட்டுக்கு ‘அரசியலமைப்பு முடியாட்சி’ பொருந்தும். அமைப்பு என்பது ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘மரபுவழி’ என்று சேர்க்க எனக்கு ஆசைதான், ஆனால் வாரிசுரிமை என்று படித்துவிடுவார்கள்.

அப்புறம், ‘ராயல் அசென்ட்’, அதாவது நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டமாக அரசர் தரும் சம்மதம். ‘அரச ஒப்புதல்’ என்றால் கோப்பைப் புரட்டிப் பார்த்துத் திருப்பியும் அனுப்பலாம் என்ற தொனி வருகிறது. ‘அரச இசைவு’ என்போமா? நாடாளுமன்றத்தில் இன்றும் பழைய நார்மன் பிரெஞ்சில் ‘அரசர் அதை விரும்புகிறார்’ என்றுதான் வாசிக்கிறார்கள். மறுப்பதற்கு இருந்த வாசகம் ‘அரசர் யோசிப்பார்’. கடன் கேட்டு வந்தவரிடம் நாம் ‘பார்க்கலாம்’ என்போமே, அதேதான்.