மூணு யூனிட் மெஷ் போட்டும் இரண்டாவது மாடியில் நெட் திணறுது, நாலாவது வாங்கலாமா?

மாடிவீடு:
தரைத்தளம், மேலே இரண்டு மாடி. கான்கிரீட் தளம், 9 இன்ச் செங்கல் சுவர். 200 எம்பிபிஎஸ் ஃபைபர். ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால். ஏசி1200 டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மெஷ் யூனிட், அதாவது ஒன்னோட ஒன்னு பேசி ஒரே வைஃபையா வேலை செய்யுற பெட்டி, தளத்துக்கு ஒன்று, மாடியில் இரண்டும் படுக்கையறையில். கேபிள் எதுவும் இழுக்கவில்லை. கீழே 190 வருது, முதல் மாடியில் 80, அதுக்கு மேலே 25 தாண்டலை. போனில் வைஃபை கோடு மட்டும் முழுசா காட்டுது. இன்னும் ஒன்றிரண்டு யூனிட் சேர்த்தா சரியாகுமா? வேற கம்பெனி யூனிட் சேருமா?

சிக்னல்சித்தன்:
இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. மேல் யூனிட் நடு யூனிட்டைப் பிடிச்சுத்தான் கீழே வருது. டூயல் பேண்டில் உங்க போனோடு பேசுறதும், யூனிட்டுகள் தங்களுக்குள்ள பேசிக்கிறதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஒரே சேனல். ஒரு யூனிட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவுற ஒவ்வொரு தடவையும் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். நாலாவதை அதே வரிசையில் சேர்த்தா இன்னொரு பாதி போகும். போனில் தெரியுற கோடு பக்கத்து யூனிட்டோட சிக்னல்தான். அந்த யூனிட்டுக்கே கீழிருந்து என்ன வருதுன்னு போனுக்குத் தெரியாது.

முதல்ல இடத்தை மாத்துங்க. கம்பி கட்டிய தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் துளைக்கிறது கஷ்டம், மாடிப்படி திறப்பு வழியா சுலபமா ஏறும். மெயின் யூனிட்டை டிவிக்குப் பின்னால் இருந்து எடுத்து, நீளமான பேட்ச் கார்டு (ரெடிமேட் நெட்வொர்க் கேபிள்) போட்டு படிக்கட்டுப் பக்கம் வைங்க. முதல் மாடி யூனிட் படி ஏறி முடியுற இடத்துல இருக்கட்டும். நடுவில் இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி வரக்கூடாது.

இடம் சரியான்னு கண்ணால் சொல்ல முடியாது. வைக்கப்போற யூனிட்டையும் அதுக்கு மேலே இருக்கிறதையும் ஆஃப் பண்ணிட்டு, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு, வைக்கப்போற இடத்தில் நின்னு அடுத்த கீழ்த்தள யூனிட்டோட 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பாருங்க. மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்குப் பக்கம் வர வர நல்லது) அல்லது அதைவிட நல்லா இருக்கணும். மைனஸ் 70ஐத் தாண்டி இறங்கினா அந்த இடம் வேண்டாம். ஓஎன்டியோட சொந்த வைஃபையையும் அணைச்சிடுங்க, சேனலுக்குச் சும்மா சண்டை போடும்.

கேட்சிக்ஸ்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனா மூணு தளத்துக்கு நிரந்தரத் தீர்வு கேபிள்தான். நாலாவது யூனிட் விலையில் கேட்6 (கிகாபிட் நெட்வொர்க் கேபிள்) இழுத்துடலாம். முழுச் செம்பு கேபிளா கேட்டு வாங்குங்க. சிசிஏன்னு மலிவா கிடைக்கிறது செம்பு பூசிய அலுமினியம், முனையில் பிளக் அழுத்திப் பொருத்துற (கிரிம்ப்) இடத்தில் நாளடைவில் முறியும். வெளிச்சுவர் வழியா போனா வெயில் தாங்கும் கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் வேணும்.

மாடிவீடு:
நன்றி. பழைய கேபிள் டிவி பைப் மேல் வரைக்கும் போகுது. எலக்ட்ரீஷியன் கரண்ட் பைப்பிலேயே இழுத்திடலாம்னு சொல்றார். மேல் கேபிளை நேரா ஓஎன்டியில் குத்தலாமா? மூணு போர்ட் காலியா இருக்கு.

கேட்சிக்ஸ்:
கரண்ட் பைப் வேண்டவே வேண்டாம் சார். 230 வோல்ட் ஒயரோட உறை எங்கேயாவது உரிஞ்சா கரண்ட் நேரா நெட்வொர்க் கேபிளில் ஏறும். டிவி பைப்பே போதும். பழைய கோஆக்சியல் (டிவி) கேபிள் முனையில் கேட்6ஐக் கட்டி இழுத்தா அதுவே வழிகாட்டி.

ஓஎன்டியில் குத்துறது மெஷ் எந்த மோடில் இருக்குங்கிறதைப் பொறுத்தது. ரவுட்டர் மோடுன்னா (மெயின் யூனிட்டே தனி நெட்வொர்க் நடத்துது) கூடாது. மேல் யூனிட் மெயின் யூனிட்டுக்குக் கீழே வரணும், ஓஎன்டியில் குத்தினா அது வேற நெட்வொர்க். மெயினோட லேன் போர்ட்டில் ஒரு 5 போர்ட் கிகாபிட் சுவிட்ச் (ஒரு கேபிளைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி) போட்டு, இரண்டு மாடிக்கும் அங்கிருந்து பிரிங்க. ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னா (ஓஎன்டிதான் ரவுட்டர், மெஷ் வைஃபை மட்டும் கொடுக்குது) ஓஎன்டியிலேயே குத்தலாம், இரட்டை நாட் (இரண்டு ரவுட்டர் தனித்தனியா முகவரி மாத்துறது) தொல்லையும் போகும். ஆனா சில ஓஎன்டியில் ஒரு போர்ட்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மத்தது 100. ஒரே யூனிட்டோட இரண்டு போர்ட்டையும் ஒரே சுவிட்சில் குத்தாதீங்க, லூப் ஆகி மொத்த நெட்டும் படுத்துடும்.

பாக்கெட்:
வேற கம்பெனி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. பெரும்பாலும் சேராது. டிபி-லிங்க் டெகோ மாதிரி சிலதில் மாடல் மாறினாலும் சேரும், ஆனா கூகுள் நெஸ்ட் வைஃபை ப்ரோ அதே கூகுளோட பழைய நெஸ்ட் வைஃபையோட கூட சேராது. பின்னாடி வாங்கினா புதுசை மெயினா வைங்க, பழசு மாடிக்குப் போகட்டும். மொட்டைமாடிக்குத் தனி யூனிட் தேவையில்லை, மேல் யூனிட்டைப் படி வாசல் பக்கம் நகர்த்திப் பாருங்க.

இன்னொண்ணு: மூணு யூனிட்டும் ஓஎன்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கா? மாடியில் பிளக் பாயிண்ட்டை இன்வெர்ட்டரில் சேர்க்காம விட்டிருப்பாங்க. கேபிள் இல்லாத நிலையில், கரண்ட் போகும்போது நடு யூனிட் அணைஞ்சா மேல் யூனிட்டும் சேர்ந்து போச்சு.

கேபிள் போட்டதும் ஆப்பில் அந்த யூனிட் வயர்டுன்னு காட்டுதான்னு பாருங்க. வேகம் 94ல் ஒட்டிக்கிட்டு நின்னா, 100 போர்ட்டில் குத்தலைன்னா பெரும்பாலும் கிரிம்பில் எட்டு ஒயரும் சரியா உட்காரலைன்னு அர்த்தம், 100க்கு நாலு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். இரண்டு முனையையும் ஒரே கலர் வரிசையில் மறுபடி அடிக்கச் சொல்லுங்க.