ப்ளஸ் டூ முடித்து கல்லூரி திறக்கும் வரை கம்ப்யூட்டரில் எதைக் கற்றீர்கள், எது கைகொடுத்தது?

கோவில்பட்டி அம்மா:

என் மகள் இந்த வருஷம் ப்ளஸ் டூ எழுதியிருக்கிறாள். ஃபர்ஸ்ட் குரூப், பயாலஜியோடு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமாகப் படித்ததில்லை. இன்ஜினியரிங் போக ஆசை. கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்க எப்படியும் ஆகஸ்ட் ஆகிவிடும். பக்கத்தில் ஒரு சென்டரில் போய்க் கேட்டோம். சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் என்று நான்கு நிரல் மொழிகள், வெப் டிசைன், டேலி, ஃபோட்டோஷாப் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றார்கள். அந்த நோட்டீஸைக் கையில் வாங்கியதும் எனக்கு 2003 ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் கேட்க வேண்டும்.

அந்த வருஷம் நான் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் எதிர்காலமே இல்லை என்று ஊரே பேசிய காலம். அம்மா ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து என்னை ஆறு மாத டிப்ளமோவில் சேர்த்துவிட்டாள். தரவுகளைச் சேர்த்து வைக்கும் ஃபாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழி, கொஞ்சம் எச்டிஎம்எல். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் கற்றுக்கொள்வார், மற்ற இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொள்வோம். நான் பெரும்பாலும் நோட்டில்தான் எழுதினேன். முடிவில் லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று கிடைத்தது.

பிறகு பி.எஸ்சி. மேத்ஸ் சேர்ந்தேன். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட ஃபாக்ஸ்புரோவைத் தொடவில்லை. 2007-ல் ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. விஷுவல் பேசிக் 6-க்கான ஆதரவை 2008-ல் நிறுத்தியது. நான் டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. வளையலை மீட்க அதற்கு மேலும் இரண்டு வருஷம் ஆனது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் அதே கோடையில் அப்பா சொன்னாரே என்று காலை ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் போனேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. பத்து நாள் அதே வரி. சுண்டு விரல் வலிக்கும். லோயர் பரீட்சையில் 10 நிமிடத்தில் 1500 தட்டு, ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்ற கணக்கில் நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஹையருக்கு 45. டைப்ரைட்டரில் தப்பாக அடித்தால் பின்னால் போய் அழிக்க வழியில்லை, அதனால் விரல் தானாகவே நிதானம் கற்றுக்கொள்ளும். லோயரும் முடித்தேன், ஹையரும் முடித்தேன்.

இன்று ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நடுவில் எத்தனையோ மென்பொருள் மாறிவிட்டது. கை மட்டும் மாறவில்லை. கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பதால் கண் திரையிலேயே இருக்கிறது, தப்பு அப்போதே தெரிகிறது, மனசு வேறு யோசனைக்கு இடம் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கில் கட்டிய படிப்பு போய்விட்டது, மாதம் நூறு ரூபாய் சொச்சத்தில் கற்றது இருபது வருஷமாகச் சோறு போடுகிறது.

இருந்தாலும் என் காலம் வேறு, மகளின் காலம் வேறு. எனக்குத் தெரிந்ததையே அவள் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. கல்லூரிக்கு முன்னால் நீங்கள் கற்றதில் எது நின்றது, எது வீணாய்ப் போனது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

---

மெக்கானிக்கல் 2018:

அக்கா, நான் 2018-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். சேர்வதற்கு முன் இரண்டு மாதம் சி படித்தேன். நீலத் திரை டர்போ சி. சார் போர்டில் எழுதுவார், நாங்கள் அதை அப்படியே அடித்து ஓட்டுவோம். பகா எண் கண்டுபிடிக்கும் நிரல், ஃபிபனாச்சி, பாலிண்ட்ரோம், மொத்தம் முப்பது நிரல் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன்.

கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவுக்கும் பொதுவாகப் பைத்தான் என்றார்கள். 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த வருஷப் பாடத்திட்டத்தில், அப்படித்தான் வந்தது. நான் மனப்பாடம் செய்த முப்பதும் அங்கே ஓடவில்லை. சியில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று வரும், இரண்டும் முழு எண் என்பதால் மீதியை வெட்டிவிடும். பைத்தான் 3.5 என்று காட்டியது. எது சரி என்று லேபில் அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன். இரண்டுமே சரி, மொழியின் விதி வேறு என்று சொல்லித்தர எனக்கு யாரும் இருந்ததில்லை. உள்ளே அடங்கும் வரியைக் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி எழுதாவிட்டால் பிழை வரும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து சீட்டில் இருந்தவன் வகுப்பு எதற்கும் போனதில்லை. அவன் அப்பாவுக்குப் பால் ஊற்றும் தொழில். எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர், எந்த நாள் வேண்டாம் என்றார்கள், மாசக் கடைசியில் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட ஒரே ஒரு நிரல் எழுதியிருந்தான், பைத்தானில். லீவு முழுக்க அந்த ஒன்றைத்தான் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறான். பிழை வந்தால் நான் உடனே கையைத் தூக்கி மேடத்தைக் கூப்பிடுவேன். அவன் அந்தச் சிவப்பு எழுத்தை முழுசாகப் படித்து, எத்தனாவது வரி என்று பார்த்து, அங்கே போவான். அந்த ஒரு பழக்கம்தான் எங்கள் இருவருக்கும் இடையே இருந்த தூரம். இரண்டாம் செமஸ்டர் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் கற்றேன்.

ஆகவே ஒரு மொழி போதும் அக்கா. இன்ஜினியரிங் என்றால் பைத்தானே நல்லது. தங்கச்சியிடம் வீட்டுக்கு ஏதாவது ஒரு கணக்கு வேண்டுமென்று கேளுங்கள், அதை எழுதட்டும். ஏழு பாடம் சேர்த்த பேக்கேஜில் பணம் கட்ட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. மெக்கானிக்கல், சிவில் எடுப்பவர்களிடம், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஆட்டோகேட் முதலிலேயே படி என்பார்கள். நானும் படித்தேன். முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பரீட்சையை டிராஃப்டர் வைத்து ஷீட்டில் பென்சிலால் வரைந்தோம். ஆட்டோகேட் தேவைப்பட்டபோது, முன்னால் கற்றதில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

---

லேப் அக்கா:

பயாலஜி எடுத்த பெண் என்பதால் எழுதுகிறேன். இன்ஜினியரிங் கிடைக்காமல் பயோடெக் பக்கம் வந்தாலும் உதவும். நான் இருப்பது ஓர் ஆய்வகத்தில். நாள் முழுக்க என் முன்னால் இருப்பது எக்செல்.

கல்லூரியில் இறுதி ஆண்டு பிராஜெக்டுக்கு 140 மாதிரிகளின் அளவீடுகளை ஒரு ஷீட்டில் போட்டிருந்தேன். பெரியதில் இருந்து சிறியதாக அடுக்கலாம் என்று மதிப்பு இருந்த ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் கட்டளை கொடுத்தேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று அது கேட்டது. நான் படிக்காமல் வேண்டாம் என்று அழுத்தி, சேவ் செய்து, மூடிவிட்டேன். மாதிரியின் பெயர் ஓரிடத்தில், அதன் மதிப்பு வேறிடத்தில். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை. 140 மாதிரியையும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி உள்ளிட்டேன். அழுதுகொண்டேதான் உள்ளிட்டேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. எங்கள் துறையில் செப்ட் 2, மார்ச் 1 என்று ஜீன்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து, செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும். இப்படித் தப்பான ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வெளிவந்து, கடைசியில் 2020-ல் அந்த ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். அதே 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா உறுதியானவர்களில் 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்செல் வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான். அதற்கு மேல் இருந்தவை உள்ளே ஏறவே இல்லை. தொடர்பில் இருந்தவர்களுக்குத் தகவல் போவதும் அதனால் தாமதமானது.

எக்செலை ஏதோ ஆபீஸ் வேலை என்று இளக்காரமாக நினைக்கிறார்கள். எந்த டிகிரிக்குப் போனாலும் அதில்தான் வந்து நிற்க வேண்டும். மகளுக்கு நான்கே விஷயம் போதும்: சூத்திரத்தை இழுக்கும்போது எந்தக் கட்டம் நகர வேண்டும், எது டாலர் குறி போட்டு அசையாமல் நிற்க வேண்டும் என்பது, முழு அட்டவணையையும் சேர்த்து அடுக்குவது, ஒரு பட்டியலில் இருந்து இன்னொன்றுக்குத் தேடி எடுப்பது, எண் போலத் தெரியும் எழுத்தை எழுத்தாகவே வைப்பது. ரோல் நம்பரின் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போவதெல்லாம் கடைசியில் சொன்னது தெரியாததால்தான். எக்செல் போன்ற ஷீட் உள்ள லிப்ரே ஆஃபீஸ் இலவசம், அதிலேயே பழகலாம்.

---

அரசுப் பள்ளி வாத்தியார்:

நான் ப்ளஸ் டூவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். எங்கள் புத்தகத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டுக்கு பைத்தான். பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் ரிசல்ட் வந்து கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கும் வாரம் என் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். அப்பா கல் குவாரியில் வேலை, வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். பைத்தானில் சதம் அடித்தவன். "சார், சர்டிபிகேட் டவுன்லோட் ஆச்சு, எங்க போச்சுன்னு தெரியல" என்றான். போனில் எல்லாமே ஆப்புக்குள் இருக்கிறது. கோப்பு என்று ஒன்று உண்டு, அது ஓரிடத்தில் இருக்கும், அதற்கு நாம் பெயர் வைக்கலாம் என்பதே அவனுக்குப் பழக்கமில்லை. நான் சொல்லித்தந்திருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று ஒரு பீரியடில் ஓட்டிவிட்டேன்.

இப்போது மார்ச் பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் வரச் சொல்கிறேன். ஃபோல்டர் போடுவது, கோப்புக்குத் தேதியோடு பெயர் வைப்பது, படத்தின் அளவைக் குறைப்பது, பிடிஎஃப் ஆக்குவது, பென் டிரைவில் ஒன்றும் மெயிலில் ஒன்றுமாக நகல் வைப்பது, யாருக்கும் ஓடிபி சொல்லாமல் இருப்பது. அதோடு தமிழில் அடிக்க தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. குறில் நெடில் எல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ஒரு வாரம் பழகினால் கை ஓடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்து கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

வசதி இல்லாதவர்கள் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியலைப் பாருங்கள். சின்னச் சின்னக் காணொளிகள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. லிப்ரே ஆஃபீஸ், லினக்ஸ், பைத்தான், சி எல்லாம் இருக்கிறது. கட்டணம் இல்லை.

---

பி.காம் தங்கை:

ஒரே வரி. காமர்ஸ் பக்கம் போகிறவர்கள் டேலிக்கு முன்னால் ஜர்னல் என்ட்ரி கற்றுக்கொள்ளுங்கள். எது பற்று, எது வரவு என்று தெரியாமல் டேலியில் உட்கார்ந்தேன். எந்த பட்டன் என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. வேலைக்குப் போன முதல் மாதம் விற்பதற்கு வாங்கிய சரக்கையும் ஆபீஸில் போட வாங்கிய மேசையையும் ஒரே தலைப்பில் போட்டுவிட்டேன்.

---

கோவில்பட்டி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். சென்டரில் சேர்க்கவில்லை. காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறாள், அவளோடு மொத்தம் ஐந்து பேர்தான். சாயந்திரம் வாத்தியார் ஐயா சொன்னபடி ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாச் சான்றிதழையும் பெயர் வைத்து அடுக்கிவிட்டாள். என்னுடைய பழைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாள்.

லேப் அக்கா சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுப் பால் கணக்கை லிப்ரே ஆஃபீஸில் போடுகிறாள். அது சரியாக வந்த பிறகு அதையே பைத்தானில் எழுதுவதாகத் திட்டம். நேற்று ராத்திரி மாசக் கணக்கில் 52 ரூபாய் குறைந்தது. பால்காரரின் அட்டைதான் தப்பு என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தாள். "அம்மா, விலை இருந்த கட்டத்துக்கு டாலர் குறி போட மறந்துட்டேன்."