செயன்முறைப் பரீட்சையில் காயம் கட்டுவது: எப்படிப் பழகினீர்கள்?

தாதிய மாணவி, மட்டக்களப்பு:
அடுத்த கிழமை செயன்முறைப் பரீட்சை. பரீட்சகர் பக்கத்தில் வந்து நின்றாலே கை நடுங்குகிறது. எப்படிப் பழகினீர்கள், அக்காமாரே?

வார்ட் தாதி, கல்முனை:
தங்கச்சி, வாசித்தது போதும், இனிக் கையால் செய்யுங்கோ. நாங்கள் விடுதியில் தலையணைக்குப் பிளாஸ்டர் ஒட்டி, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே பழகினோம். விரித்த கிருமியற்ற துணியில் ஓரத்து 2.5 சென்டிமீற்றர் சுத்தமில்லை என்றுதான் கணக்கு. ஃபோர்செப்ஸ் (பஞ்சு பிடிக்கும் இடுக்கி) அந்த ஓரத்தில் பட்டால் மறைக்க வேண்டாம். "மாற்றுகிறேன்" என்று சொல்லி வேறொன்றை எடுங்கோ. கையுறை போட்ட கை இடுப்புக்குக் கீழே இறங்கவே கூடாது.

இன்னொருவர், அக்கரைப்பற்று:
காயத்தைத் துடைக்கும்போது ஒரு பஞ்சு, ஒரே தடவல். அதைவிட முக்கியம், தொடமுதல் நோயாளியின் பெயரைக் கேட்டு, நோகிறதா என்றும் கேளுங்கள்.

மாணவி:
சரி அக்கா. இன்றிரவே அறைத்தோழியைப் பரீட்சகராக நிறுத்திச் செய்து பார்க்கிறேன்.